புது ஸ்பிரிங் ஏர் ரைபிள் குறி தவறினால்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடிக்கும் வழி

புது மண்சட்டி வாங்கிய அன்றே அதில் யாரும் மீன்குழம்பு வைப்பதில்லை. கஞ்சித் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் பழக்கி, அதன் பிறகே அடுப்பில் ஏற்றுகிறோம். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்றால் குண்டை எறியும் ஏர் ரைபிளும் அப்படிப் பழக்க வேண்டிய பொருள்தான். பெட்டியைப் பிரித்த அன்றே 10 மீட்டரில் அட்டை மாட்டி, ஐந்து குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியதைப் பார்த்து, மனம் நொந்து ரைபிளைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் கையில் இருந்தது நல்ல ரைபிள். இன்னும் 300 குண்டுகள் பொறுத்திருந்தால் அதே ரைபிளைப் பிறருக்குக் கொடுக்க மனம் வந்திருக்காது.

அந்த முதல் சில நூறு குண்டுகளில் உள்ளே பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிஸ்டன் தலையிலுள்ள சீல், தான் ஓடும் உருளையின் சுவருக்கு ஏற்றபடி தன் விளிம்பைப் படியவைத்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் பூசிய கிரீஸும் எண்ணெயும் கொஞ்சம் எரிந்தும் கொஞ்சம் பரவியும் அடங்குகின்றன. புது ஸ்பிரிங் தன் நீளத்தில் சிறிது இழந்து ஒரு நிலைக்கு வருகிறது. திருகாணிகளுக்கு அடியில் மரம் அமுங்குகிறது. குழலின் உட்சுவரில் மெல்லிய ஈயப் படலம் படிகிறது. இவை ஒவ்வொன்றும் குண்டின் வேகத்தையோ ரைபிளின் அதிர்வையோ மாற்றக்கூடியவை. அதனால்தான் முதல் 100 குண்டுகள் வரை ஸ்கோப்பின் (குறி பார்க்கும் தொலைநோக்கியின்) திருகையும் பின் குறியையும் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஓடும் ஆற்றில் கோடு கிழிக்கும் வேலை அது.

நான் இங்கே பேசுவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மி.மீ. ரைபிளைப் பற்றி. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிளுக்கு 4.5 மி.மீ. துளையையும் 20 ஜூல் ஆற்றலையும் எல்லையாக வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் அந்த எல்லை 7.5 ஜூல்; இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல். ஆற்றல் குறைந்த ரைபிள் சீக்கிரம் பழகும், பிடியில் நடக்கும் தவறையும் அதிகம் பொறுத்துக்கொள்ளும். முதல் ரைபிள் வாங்கப்போகிறவருக்கு இதை நான் எப்போதும் சொல்வதுண்டு; கேட்பவர்கள் குறைவு.

தொடங்கும் முன்

குண்டு தாங்கும் பெட்டி ஒன்று வேண்டும். தடித்த மரப் பெட்டியில் பழந்துணியை இறுக்கி அடைத்து, பின்னால் ஒரு இரும்புத் தகடு வைத்தால் போதும். வெறும் இரும்பிலும் கருங்கல்லிலும் சுடாதீர்கள், குண்டு திரும்பி வரும். கண்ணாடி அணியுங்கள். குழலை மடக்கி வைத்துக் குண்டு போடும்போது மறு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஏற்றிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் குழல் அறைந்து மூடும். விரலை நசுக்கும், குழலையே வளைத்தும் விடும். குண்டு இல்லாமல் ஒருபோதும் சுடாதீர்கள். குண்டு வழியை அடைத்திருக்கும்போதுதான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தைபோல நிற்கும். குண்டு இல்லையென்றால் பிஸ்டன் உருளையின் முனையில் நேராக மோதும். பறவைகள் மீது இதை நீட்டவே கூடாது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பழகாத ரைபிளால் சுட்ட பறவை சாகாமல் துடிக்கும்.

மேசையில் அமர்ந்து, 10 மீட்டரில், ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஐந்து ஓட்டைகளும் விழும் பரப்பைக் கொத்து என்று அழைக்கிறேன். பழகிய சாதாரண ரைபிளில், ஏற்ற குண்டோடு, அந்தக் கொத்து ஒரு ரூபாய் நாணயத்துக்கு அடியில் மறைய வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் தேதி, குண்டின் பெயர், இதுவரை சுட்ட எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். திருகாணியை முறுக்கி, குண்டையும் மாற்றி, பிடியையும் மாற்றினால், கொத்து சிறுத்தாலும் எதனால் சிறுத்தது என்று தெரியாமலே போகும்.

அறிகுறி: புகை, எரிந்த வாடை, பட்டாசுபோல் சத்தம்

புது ரைபிளின் முதல் இருபது முப்பது குண்டுகளில் குழலிலிருந்து மெல்லிய புகை வருவது இயல்பு. பிஸ்டன் பாயும்போது அதற்கு முன்னால் சிக்கிய காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் அழுந்திப் பல நூறு டிகிரிக்குச் சூடேறுகிறது. அங்கே எண்ணெய் ஆவி இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜின் ஓடுவது இதே முறையில்தான். மெல்லிய புகையும் லேசான வாடையும் மட்டும் வந்தால் கவலைப்படாதீர்கள். நடுத்தர எடையுள்ள குண்டுகளையே சுட்டுக்கொண்டிருங்கள், தானாக அடங்கும்.

காதை அறையும் வெடிச்சத்தம் வேறு கதை. உள்ளே எண்ணெய் மிகுந்து, எரிவதற்குப் பதிலாக வெடிக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த அடியில் பிஸ்டன் பின்னோக்கி எறியப்படும், ஸ்பிரிங் அடி வாங்கும், சீலின் விளிம்பு கருகும். என் முதல் ரைபிளில் இதை நேரில் கண்டேன். விற்றவர் "இந்த ஓட்டையில் நாலைந்து சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள், வேகம் கூடும்" என்றார். நம்பி விட்டேன். முதல் குண்டுக்கே பக்கத்து வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். வேகம் கூடியது உண்மைதான். அட்டையில் ஐந்து குண்டும் ஐந்து திசையில் இருந்தன. இரண்டே மாதத்தில் ஸ்பிரிங் ஒடிந்தது. பிரித்துப் பார்த்தபோது சீலின் ஓரம் தீய்ந்த தோசைபோல இருந்தது. அன்றிலிருந்து யார் புது ரைபிள் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது "எண்ணெய் ஏதாவது விட்டீர்களா?" என்பதுதான். காற்று அழுந்தும் அறைக்குள் தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவுமே போகக் கூடாது.

வெடிச்சத்தம் வந்தால் செய்ய வேண்டியது: சுடுவதை நிறுத்துங்கள். குழலை மடக்கி, குண்டு போடும் பின்வாயையும், அதற்கு எதிரே காற்று வரும் துளையின் வாயையும் பஞ்சுத் துணியால் துடையுங்கள். ரைபிளைச் சில மணி நேரம் குழல் முனை கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். பிறகு குழலின் உட்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள் (வழி கீழே வருகிறது). அதன் பின் சற்றுத் தடித்த, நன்றாக இறுகும் குண்டை விட்டுவிட்டு, எளிதாக உட்காரும் நடுத்தரக் குண்டால் பத்து முறை சுட்டுப் பாருங்கள். குண்டு குழலில் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறதோ அவ்வளவு அழுத்தம் ஏறும். எண்ணெய் பற்றுவதும் அதற்கேற்பக் கூடும். 200 குண்டுக்குப் பிறகும் வெடித்தால் உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறது. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைப்பது ஒன்றே வழி.

அறிகுறி: கொத்துக்கு உருவமே இல்லை, எல்லாத் திசையிலும் சிதறல்

முதலில் திருகாணி. இரண்டாவதும் திருகாணி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, என்னிடம் "குறி நிற்கவில்லை" என்று கொண்டுவரப்படும் புது ரைபிள்களில் பெரும்பாலானவை ஒரு திருப்புளியிலேயே சரியாகிவிடுகின்றன.

இந்த வகை ரைபிளின் உதை இருமுறை வரும். ட்ரிகரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. ரைபிள் பின்னோக்கி நகர்கிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கும்போது இவ்வளவும் நடந்துவிடுகிறது. கட்டைக்கும் இரும்புக்கும் இடையே மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் குழல் வேறு வேறு இடத்தில் நின்றுதான் குண்டை வெளியே விடும்.

பார்க்க வேண்டியவை: முன்கட்டையின் இரு பக்கமும் உள்ள இரண்டு திருகாணிகள், ட்ரிகர் வளையத்தின் முன்பக்கத் திருகாணி, சில ரைபிள்களில் வளையத்தின் பின்பக்கம் இன்னொன்று. தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி அல்லது ஆலன் சாவி வைத்து, முன்கட்டைத் திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுகிய பின் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தால் போதும், மரம் நசுங்கும் வரை முறுக்க வேண்டாம். பிறகு திருகாணித் தலையிலிருந்து மரத்துக்குச் செல்லும்படி நகப்பூச்சில் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். கோடு பிசகினால் திருகாணி நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். முதல் 500 குண்டுகளில் 50க்கு ஒரு முறை கோட்டைப் பாருங்கள். மரம் அமுங்கி முடிந்து, திருகாணி நகர்வது நின்ற பிறகு, கழற்றிச் சுத்தம் செய்து, நீல நிறத் திருகாணிப் பசை ஒரு துளி வைத்துப் பூட்டலாம். சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு எளிதில் கழற்ற முடியாது.

அடுத்தது குழல் மடங்கும் அச்சு. குண்டு போடாத, ஸ்பிரிங் ஏற்றாத ரைபிளை மடியில் வைத்து, குழலைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று உணர்ந்தால் அச்சாணி தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் குழலை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் தொங்கி விழுந்தால் சிறிது இறுக்குங்கள். இந்தச் சோதனை முடிந்ததும் குண்டு போட்டுப் பெட்டியில் சுட்டு ஸ்பிரிங்கை இறக்கிவிடுங்கள். ஏற்றிய நிலையில் ரைபிளை மூலையில் சாய்த்துவிட்டுப் போவது ஸ்பிரிங்குக்கும் கெடுதல், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

அறிகுறி: ஐந்தில் மூன்று, நான்கு ஒன்றாக, ஒன்று மட்டும் தனியாக ஓடுகிறது

குண்டைப் பாருங்கள். பெல்லட் எனப்படும் இந்தக் குண்டின் பின்பக்கம் பாவாடைபோல மெல்லிசாக விரிந்திருக்கும். டப்பாவை உலுக்கினாலே அந்த விளிம்பு நெளியும். வெள்ளைத் துணியில் கொட்டி, நெளிந்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். விலை மலிவான டப்பாவில் இப்படிப் பத்தில் இரண்டு மூன்று கழிவதைப் பார்த்திருக்கிறேன். குண்டை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு, பின்வாயின் விளிம்போடு சமமாகக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு எடுத்துத் தின்னாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதுவும்.

எந்தக் குண்டு என்ற கேள்விக்கு ரைபிள்தான் பதில் சொல்லும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைபிள்கள் வெவ்வேறு குண்டை விரும்புவதுண்டு. உருண்டைத் தலைக் குண்டுகளில் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன் (0.547 கிராம்), ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம் 8.3 கிரெய்ன், தட்டைத் தலையில் ஆர்டபிள்யூஎஸ் ஹாபி 7 கிரெய்ன். இந்த மூன்றில் தொடங்கினால் ரைபிளின் விருப்பம் ஓரளவு புரிந்துவிடும். தட்டைத் தலை 10 மீட்டரில் அட்டையில் அழகான வட்ட ஓட்டை போடும். 25 மீட்டரைத் தாண்டினால் அலையத் தொடங்கும். கூர்முனைக் குண்டு பார்க்க வீரமாக இருக்கும், அந்த முனை எப்போதும் நடுவில் இருக்காது. ஈயமில்லாத, ஐந்து கிரெய்ன் அளவிலான இலகு குண்டுகளைப் புது ரைபிளில் தவிர்த்துவிடுங்கள். பிஸ்டனுக்கு முன்னால் போதிய தடை நிற்காது. ஆற்றல் மிகுந்த ரைபிளில் அவை ஒலியின் வேகத்தையும் தாண்டி நிலை தடுமாறும்.

புதுக் குண்டுக்கு மாறியதும் முதல் இருபதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய ஈயப் படலத்தின் மேல் புதியது படிய அவ்வளவு தேவை.

அறிகுறி: ஓட்டைகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில்

இங்கே பலர் புகையால் குண்டின் வேகம் மாறுகிறது என்று குறை சொல்வார்கள். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். குண்டின் வேகம் வினாடிக்கு 200 மீட்டரிலிருந்து 220க்கு மாறினால், 10 மீட்டரில் உயர வேறுபாடு சுமார் 2 மி.மீ. மட்டுமே. 25 மீட்டரில் அது ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். ஆகவே 10 மீட்டரிலேயே இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோடு இழுத்தால், வேக வேறுபாட்டைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டும். அநேகமாக அது உங்கள் இடது கை.

இடது கை முன்கட்டையில் ஒரு முறை ட்ரிகர் வளையத்துக்கு அருகிலும், மறுமுறை நான்கு விரல் தள்ளியும் இருந்தால் ரைபிள் துள்ளும் விதம் மாறும், குண்டு ஏறும் அல்லது இறங்கும். மரக்கட்டையை மேசையிலோ மணல் மூட்டையிலோ நேரடியாக வைத்துச் சுட்டாலும் இதே விளைவுதான். கடினமான பொருள்மேல் ரைபிள் தெறித்து எழும். குழலையே எதன்மீதாவது சாய்ப்பது எல்லாவற்றிலும் மோசம்.

அமெரிக்காவின் ஏர் கன் எழுத்தாளர் டாம் கேலார்ட் பரப்பிய 'ஆர்ட்டிலரி ஹோல்ட்' என்ற பீரங்கிப் பிடி இதற்கான மருந்து. பீரங்கியைச் சுட்டதும் அது தன் சக்கரங்களில் தடையின்றிப் பின்னால் உருள்வதைப் போல, ரைபிளையும் தன் போக்கில் உதைக்க விட வேண்டும் என்பது அதன் கருத்து. மணல் மூட்டையின் மேல் உங்கள் கையை வையுங்கள். திறந்த உள்ளங்கையின் மேல் முன்கட்டை படுத்திருக்கட்டும். விரல்கள் கட்டையைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. வலது கை கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பின்கட்டை தோளில் பூப்போல அமரட்டும். கன்னம் படியட்டும், அழுத்த வேண்டாம். துறவியின் கையில் கமண்டலம் இருப்பதுபோல என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உள்ளங்கை எங்கே இருக்க வேண்டும்? ட்ரிகர் வளையத்தை ஒட்டி ஒரு கொத்து, முன்கட்டையின் நடுவில் ஒரு கொத்து, முனையருகே ஒரு கொத்து சுட்டுப் பாருங்கள். எது சிறியதோ அந்த இடத்தில் கட்டையின் அடியில் ஒரு சின்ன ஒட்டுத் துண்டு வையுங்கள். இருட்டிலும் கை அங்கேயே போக வேண்டும். குண்டு அட்டையில் பட்ட பிறகும் ஒரு நொடி குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், ட்ரிகரையும் விடாமல் இருங்கள். குண்டு குழலைக் கடக்க எடுக்கும் நேரத்தில் நீங்கள் தலையைத் தூக்கினால் ரைபிள் அதை உணரும்.

ஆற்றல் மிகுந்த ரைபிளில் இந்தப் பிடி கைவர நூறு குண்டுகளுக்கு மேல் ஆகும். ரைபிள் பழகுகிறது என்று நாம் நினைக்கும் காலத்தில் பாதி, நம் கை பழகும் காலம்.

அறிகுறி: இடம் வலமாகப் பரவுகிறது

ட்ரிகரை விரலின் மூட்டால் இழுத்தால் ரைபிள் பக்கவாட்டில் திரும்பும். விரல் நுனியின் சதைப்பகுதியால் நேராகப் பின்னுக்கு அழுத்துங்கள். கன்னத்தின் அழுத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். அச்சாணி ஆட்டத்தை மறுபடி சோதியுங்கள். வெளியில் சுடுகிறீர்கள் என்றால் தென்னை ஓலையின் அசைவையும் பாருங்கள். இவ்வளவு இலகுவான குண்டைக் காற்று எளிதாகத் தள்ளும்.

புது ட்ரிகர் கனமாகவும் சொரசொரப்பாகவும் இருப்பது வழக்கம்; சில நூறு முறைக்குப் பின் மென்மையாகும். உட்பகுதியில் உள்ள கொக்கியை அரத்தால் தேய்க்க வேண்டாம். தட்டினாலே சுடும் ரைபிளை உருவாக்கிவிடுவீர்கள்.

அறிகுறி: கொத்து சிறியதுதான், ஆனால் இடம் மாறிக்கொண்டே போகிறது

காலையில் முதல் மூன்று நான்கு குண்டுகள் மட்டும் விலகிவிட்டுப் பிறகு சரியானால் அது ரைபிளின் இயல்பு. சீலும் கிரீஸும் சூடேறும் வரை அப்படித்தான். அவற்றைப் பெட்டியில் சுட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு மணி நேரமும் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் ஸ்கோப்பைச் சந்தேகியுங்கள். இருபக்க உதையில், பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குத் தாங்கும் ஸ்கோப்கூட உள்ளே கழன்றுவிடும். ஏர் ரைபிளுக்கென்றே செய்தது வேண்டும், அதுவும் 10 மீட்டரில் தெளிவாகக் குவிக்கக் கூடியதாக. ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் நகர்கிறதா என்று அறிய அதன் முன் விளிம்பை ஒட்டி, அது மாட்டியிருக்கும் ரைபிளின் தண்டவாளத்தில் பென்சில் கோடு போட்டு ஐம்பது குண்டு சுடுங்கள். கோட்டுக்கும் மவுண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத்துண்டு மவுண்டை வாங்கி, ஊசியைத் தண்டவாளத்தின் குழியில் இறக்குங்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. மடக்குக் குழல் ரைபிள்கள் பலவற்றில் குழல் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ரைபிளிலேயே உள்ள திறந்த குறியில் (ஸ்கோப் இல்லாத முன், பின் குறிகளில்) அது தெரியாது. ஸ்கோப்பை மாட்டினால் குண்டு மிகத் தாழ்வாக விழும். நாமும் மேல்திருகைத் திருப்பிக்கொண்டே போவோம். எல்லை வரை திருப்பியபின் உள்ளே குழாயைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்து, ஒவ்வொரு உதைக்கும் குறி ஆடும். ஸ்கோப்பைக் குறை சொல்வதில் பயன் இல்லை. பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் ஒன்று போட்டு, திருகை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்த குறியில் இரண்டு கொத்து சுடுங்கள். கொத்து ஒரே இடத்தில் நின்றால் ரைபிள் குற்றமற்றது.

அறிகுறி: வேகம் குறைவு, குண்டு மந்தமாகப் போகிறது

ஸ்பிரிங் படியும்போது முதல் சில நூறு குண்டுகளில் வேகம் சிறிது இறங்கி நிலைப்பது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் பின்வாய் மூட்டில் காற்றை அடைக்கும் ஓ-ரிங் என்ற வளையத்தைச் சோதியுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை மூட்டின் மேல் வைத்து, குண்டு போட்டுப் பெட்டியில் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று கசிகிறது. ஓ-ரிங்கை மாற்றுங்கள், அது மிகக் கீழே உட்கார்ந்திருந்தால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று வெட்டிப் போட்டு உயர்த்துங்கள். பிஸ்டன் சீலாகத் தோல் வாஷர் கொண்ட ரைபிளுக்கு மட்டும், கையேட்டில் சொன்ன எண்ணெயில், சொன்ன அளவு சொட்டு. செயற்கை சீலுக்கு அதுவும் தேவையில்லை.

அறிகுறி: சுட்டதும் 'டொய்ங்' என்று அதிர்கிறது

வறண்ட ஸ்பிரிங், தாங்கியில் தளர்வாக நிற்கிறது. ஓரளவு பழகினால் குறையும். குறையாவிட்டால் அதிர்வை அடக்கும் கெட்டியான டேம்பிங் கிரீஸ் பூச வேண்டும். அது பழுது பார்ப்பவரின் வேலை. ஸ்பிரிங் உள்ளே அழுந்திய நிலையில் இருக்கிறது. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தில் வந்து மோதும். விடுமுறை நாளின் ஆர்வத்தில் இதைத் தொட வேண்டாம்.

குழலைச் சுத்தம் செய்வது எப்படி

தொழிற்சாலையில் துருவுக்காகப் பூசிய கிரீஸைத் துடைக்கத் தொடக்கத்தில் ஒரு முறை, பின் கொத்து விரிந்தால் மட்டும். மீன்பிடி நரம்பை இரட்டையாக மடித்து, வளையம் உள்ள முனையைப் பின்வாயிலேயே நிறுத்திக்கொண்டு, மறு முனைகளை முன்வாய் வழியே வெளியே கொண்டுவாருங்கள். வளையத்தில் சிறு பஞ்சுத் துணியை மாட்டிப் பின்னிலிருந்து முன்னோக்கி இழுங்கள். துணி வெளுக்கும் வரை மாற்றுங்கள். இரும்புக் கம்பியை முன்வாய் வழியே செலுத்தினால் குண்டு கடைசியாகத் தொடும் விளிம்பு தேயும், பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. சுத்தம் செய்தவுடன் கொத்து முன்னைவிட மோசமாக இருக்கும். இருபது முப்பது குண்டுகளில் ஈயம் படிந்து திரும்பிவிடும். வெளிப்புற இரும்பை, குறிப்பாகக் கடலோர ஊர்களில், ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். வியர்வைக் கைரேகை ஒரே இரவில் துருவாகும்.

500 குண்டுக்குப் பிறகும் மாறாவிட்டால்

திருகாணி, அச்சாணி, மூன்று வகைக் குண்டு, பிடி, திறந்த குறி, ஓ-ரிங் என எல்லாவற்றையும் பார்த்த பின்னும் 10 மீட்டரில் கொத்து மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நின்றால், வேறொரு நல்ல சுடுநரிடம் கொடுத்து ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். அவர் கையிலும் அப்படியே என்றால் குழல் வளைந்திருக்கலாம், முன்வாய் விளிம்பு பிசகியிருக்கலாம், உட்சுவரில் கீறல் இருக்கலாம். இவை வீட்டில் தீராதவை. உத்தரவாதக் காலம் முடியுமுன் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும்போது நீங்கள் எழுதி வைத்த அட்டைகளில் கடைசிப் பத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். "சரியாகச் சுடவில்லை" என்ற ஒற்றை வரியோடு போன ரைபிள் துடைத்து மட்டும் திரும்பி வரும். தேதியும் குண்டின் பெயரும் எழுதிய பத்து அட்டைகளைப் பார்த்த பழுதாளர் நேராகக் குழலைத்தான் கையில் எடுப்பார்.